நீரில் நிறுத்தால் கண்ணாடி பேசும்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலைக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருவார்கள். அருணாசலேசுவரர் கோயில் கொண்டுள்ள பெரிய திருவண்ணாமலை அன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் கோயில் உள்ள சிறு மலை. வந்தவர்கள் ஊர் திரும்பும்போது கையில் ஒரு பால்கோவாப் பொட்டலம் இருக்கும். அதைப் பிரித்து, இலையிலோ காகிதத்திலோ இருந்தபடியே வழித்துச் சாப்பிடுகிறோம். எந்தப் பாத்திரத்தில் வைத்துச் சாப்பிடுவது என்று யாரும் யோசிப்பதில்லை.

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் நிலைமை இதற்கு நேர்மாறு. விருந்தின் முடிவில் பரிமாறும் இனிப்பு வரிசைக்கு அவர்கள் 'டெசர்ட்' என்று பெயரிட்டிருந்தார்கள். அதில் தின்பண்டத்தைவிடப் பாத்திரத்துக்கே மதிப்பு அதிகமோ என்று தோன்றும். ஜெல்லிக்கு ஊதுகொம்பு போல வாய் அகன்ற சிறு கண்ணாடிக் கிண்ணங்கள். 'சிலபப்' என்னும் பாலேட்டு இனிப்புக்கு வேறு வகைக் கிண்ணங்கள். பாகில் ஊறிய பழங்களுக்கு உயர்ந்த தண்டு வைத்த கோப்பைகள். இவற்றைத் தாங்க, ஒற்றைக் காலில் நிற்கும் கண்ணாடித் தட்டுகள். பெரிய தட்டின்மேல் சிறிய தட்டு, அதன்மேல் அதனினும் சிறியது என்று நம் கொலுப் படிகளைப் போல அடுக்கி, உச்சியில் ஒரு பெரிய கோப்பையை நிறுத்துவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் மேசை முழுவதும் மின்னும்.

சிலபப் என்பது என்ன? பாலேட்டில் திராட்சை மதுவோ எலுமிச்சைச் சாறோ சர்க்கரையும் சேர்த்து நுரைக்க அடிப்பது. அமிலம் பட்டதும் பாலிலுள்ள புரதம் திரிகிறது. சற்று நேரத்தில் மேலே கெட்டி நுரையும் கீழே தெளிந்த நீருமாகப் பிரிந்து நிற்கும். பாலைத் திரியவிடாமல் சுண்டக் காய்ச்சிக் கெட்டியாக்குவது நம் பால்கோவா. திரியவிட்டுக் கெட்டியாக்குவது அவர்களுடைய சிலபப். அந்த இரண்டு அடுக்கும் கண்ணுக்குத் தெரிந்தால்தானே அழகு? அதற்குக் கண்ணாடிதான் ஏற்றது.

ஆங்கிலேயர் வந்த இடமெல்லாம் இந்தக் கண்ணாடியும் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து ஃபிரடெரிக் டியூடர் என்ற வணிகர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிக்க, 1842இல் சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' எழும்பியது. இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். பர்மிங்காம் நகரத்து ஆஸ்லர் நிறுவனம் கல்கத்தாவில் விற்பனைக்கூடமே நடத்தியது. உதயப்பூர் மகாராணா சஜ்ஜன் சிங் 1877இல் அந்த நிறுவனத்திடம் கோப்பைகளோடு நாற்காலி, மேசை, கட்டில் வரை கண்ணாடியில் செய்து தரச் சொன்னார். 1884இல் அவர் இறந்துவிட்டார். அந்தப் பொருள்களை இன்று உதயப்பூர் அரண்மனைக் காட்சிக்கூடத்தில் காணலாம். நம் பக்கத்திலோ, பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் தங்கள் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பல நாட்டுப் பொருள்களை வரவழைத்தார்கள். காலம் மாறி அவற்றில் பல கைமாறின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மரத்தூண், எனாமல் தூக்குச் சட்டி, பீங்கான் ஜாடி ஆகியவற்றோடு கண்ணாடிக் கிண்ணங்களும் தூசி படிந்து அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

பழம்பொருள் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. "இது 200 வருஷத்து இங்கிலீஷ் கிரிஸ்டல் சார்" என்று விற்பவர் சொல்கிறார். அவருக்குச் சொன்னவர் அப்படிச் சொல்லியிருப்பார். வாங்குபவர் கொடுக்கும் பணம் கிண்ணத்துக்கா, கதைக்கா? உடைத்துப் பார்க்க முடியாது. சுரண்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். ஆனால் ஒரு நூல் துண்டு, ஒரு வாளித் தண்ணீர், சமையலறைத் தராசு இவை மூன்றும் இருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை வைத்தே அந்தக் கதையைப் பெரும்பாலும் சோதித்துவிடலாம்.

காரீயம் வந்த கதை

சாதாரணக் கண்ணாடி என்பது மணல் (சிலிக்கா), சோடா உப்பு, சுண்ணாம்பு ஆகிய மூன்றையும் உருக்கி எடுப்பது. நம் ஜன்னல் கண்ணாடியும் தேநீர்க் கடைக் கிளாசும் இந்த வகைதான். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பேர்பெற்ற வெனிஸ் நகரத்துக் கண்ணாடியும் சோடாக் கண்ணாடியே. இங்கிலாந்தில் அப்போது ஒரு நெருக்கடி. கப்பல் கட்ட மரம் வேண்டும் என்பதால், கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கக் கூடாது என்று 1615இல் அரசாணை பிறந்தது. உலைகள் நிலக்கரிக்கு மாறின.

அந்தச் சூழ்நிலையில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் என்பவர் லண்டனில் புதிய வகைக் கண்ணாடிக்கு 1674இல் காப்புரிமை பெற்றார். முதலில் செய்தவை சில மாதங்களில் மங்கி, உள்ளே நுண்ணிய வெடிப்பு வலை படர்ந்து கெட்டுப்போயின. கலவையில் காரம் மிகுந்திருந்ததே காரணம். காற்றின் ஈரம் அதைக் கரைத்து இழுத்துவிட்டது. பிறகு காரீய ஆக்சைடை நன்றாகச் சேர்த்ததும் குறை நீங்கியது. தம் பெயரிலுள்ள அண்டங்காக்கையின் தலையை முத்திரையாகப் பதித்து அவர் அவற்றை விற்றார். அன்று தொடங்கி, ஆங்கிலேயரின் நல்ல மேசைக் கண்ணாடி என்றாலே காரீயக் கண்ணாடி என்றாயிற்று. சிறந்த வகையில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காரீய ஆக்சைடு இருக்கும்.

கனமான பொருளுக்கு எடைப்படி வரி போட்டால் என்ன ஆகும்? அதையும் இங்கிலாந்து செய்து பார்த்தது. 1745இல் இயற்றிய சட்டத்தால் கண்ணாடிக் கலவையின் எடைமீது வரி விழுந்தது. கிண்ணங்கள் சிறுத்தன, மெலிந்தன. 1845இல் அந்த வரி நீங்கியது. அடுத்த ஆறே ஆண்டில், 1851 லண்டன் பொருட்காட்சியில், ஆஸ்லர் நிறுவனம் 27 அடி உயரமுள்ள கண்ணாடி நீரூற்றை நிறுத்திக் காட்டியது. வரி நீங்கியதுதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் எடைக்கு வரி இருந்த காலத்தில் அப்படி ஒரு யோசனை எவருக்கும் வந்திருக்காது.

தராசு சொல்வது

காரீயம் கனமான தனிமம். ஆகவே அது சேர்ந்த கண்ணாடியின் அடர்த்தி கூடும். எண்களைப் பாருங்கள். சோடாக் கண்ணாடி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம். பழைய ஆங்கிலக் காரீயக் கண்ணாடி 3.1 அல்லது 3.2 கிராம். உங்கள் பள்ளி ஆய்வகத்துப் போரோசிலிகேட் பீக்கர் 2.23 கிராம்தான். இவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரியது. எளிய தராசே பிரித்துக் காட்டிவிடும்.

வில்தராசில் கட்டித் தொங்கவிட்டுக் காற்றிலும் நீரிலும் எடை பார்ப்பதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கிண்ணத்துக்கு அதைவிடப் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. முதலில் கிண்ணத்தைச் சமையலறை மின்தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் முக்கால் பங்கு நீர் ஊற்றித் தராசின்மேல் வையுங்கள், தராசைச் சுழியாக்குங்கள். இப்போது கிண்ணத்தை உறுதியான நூலில் கட்டி, நீரில் முழுவதும் மூழ்கும்படி கையால் பிடித்துக்கொள்ளுங்கள். அடியையோ பக்கத்தையோ அது தொடக் கூடாது. தராசு ஓர் எண்ணைக் காட்டும்.

கிண்ணத்தைத் தாங்குவது உங்கள் கை. பின் தராசு ஏன் எண் காட்டுகிறது? நீர் கிண்ணத்தை மேல்நோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, கிண்ணமும் அதே அளவு விசையோடு நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசையைத்தான் தராசு காட்டுகிறது. ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி அது வெளியேற்றப்பட்ட நீரின் எடைக்குச் சமம். நீரின் அடர்த்தி 1 என்பதால், கிராமில் காட்டும் எண்ணே கன சென்டிமீட்டரில் கண்ணாடியின் பருமன்.

எடுத்துக்காட்டாக, கிண்ணத்தின் எடை 186 கிராம், நீரில் தொங்கும்போது தராசு காட்டுவது 59 கிராம் என்று கொள்வோம். 186ஐ 59ஆல் வகுத்தால் 3.15. இது காரீயக் கண்ணாடி. இதே எடையுள்ள சோடாக் கண்ணாடியானால் தராசு ஏறத்தாழ 74 காட்டியிருக்கும். இரண்டுக்கும் 15 கிராம் வேறுபாடு இருக்கும்போது, தராசு ஒரு கிராம் முன்னே பின்னே காட்டினாலும் முடிவு மாறாது. எந்தச் சோதனையிலும் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். அளவியின் பிழை பெரிதா, அளக்கப்போகும் வேறுபாடு பெரிதா என்று தெரிந்த பிறகுதான் சோதனையைத் தொடங்க வேண்டும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. கிண்ணத்தின் உட்குழியில் காற்று சிக்கிக்கொள்ளும். ஆகவே சாய்த்தபடி மெல்ல இறக்குங்கள். 3 கன சென்டிமீட்டர் காற்று தங்கிவிட்டால் மேற்சொன்ன 59 என்பது 62 ஆகி, அடர்த்தி 3.0க்கு இறங்கிவிடும். ஆயினும் காற்றுக் குமிழ் பொய் சொன்னால் ஒரே திசையில்தான் சொல்லும். அடர்த்தியைக் குறைத்துக் காட்டுமே தவிரக் கூட்டிக் காட்டாது. 3.1 வந்துவிட்டால் குமிழைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கண்ணாடி வணிகமே இந்த அளவையை நம்புகிறது. ஐரோப்பிய நாடுகள் 1969இல் வகுத்த விதியில், 24 விழுக்காடு காரீய ஆக்சைடும் 2.90 அடர்த்தியும் இருந்தால்தான் 'காரீயக் கிரிஸ்டல்' என்று பெயரிடலாம். 30 விழுக்காடும் 3.00 அடர்த்தியும் இருந்தால் 'முழுக் காரீயக் கிரிஸ்டல்'. இதிலிருந்தே ஒன்று விளங்கும்: காரீயக் கண்ணாடியை 20ஆம் நூற்றாண்டிலும் செய்தார்கள். எனவே அடர்த்தி 3.1 வந்தால் கிண்ணம் பழையது என்று மெய்ப்பிக்கப்பட்டுவிடாது. கதை இன்னும் பொய்யாகவில்லை, அவ்வளவுதான். ஆனால் 2.5 வந்து, விற்பவர் "1760ஆம் வருஷத்து இங்கிலீஷ் காரீயக் கண்ணாடி" என்று சொன்னால், கதை அங்கேயே முடிந்தது.

சுண்டிப் பார்த்தால் போதாதா?

விரலால் சுண்டி, கணீர் என்று நீண்டு ஒலித்தால் கிரிஸ்டல் என்பார்கள். இதில் உண்மை உண்டு. சோடாக் கண்ணாடியில் சிறிய சோடிய அயனிகள் அதிர்வின்போது இடம் பெயர்ந்து ஆற்றலை விழுங்குகின்றன. ஆங்கிலக் காரீயக் கண்ணாடியில் பொட்டாஷ் சேர்ப்பார்கள். பொட்டாசிய அயனி பருத்தது, எளிதில் நகராது. அதனால் ஒலி நெடுநேரம் நிற்கிறது. ஆனால் ஒலி வடிவத்தையும் பொறுத்தது. மெல்லிய சோடாக் கண்ணாடிக் கோப்பையும் ஓரளவு கணீரென்னும். தடித்த காரீயக் கண்ணாடித் தட்டு 'டக்' என்று அடங்கிவிடும். என்னைக் கேட்டால் காதைவிடத் தராசையே நம்புவேன். மேலும், சுண்டுகிறவர்கள் சில சமயம் உடைத்தும் விடுகிறார்கள்.

ஒளி விளையாடும் விதம்

காரீயம் ஒளிவிலகல் எண்ணையும் உயர்த்துகிறது. சோடாக் கண்ணாடிக்கு 1.52, காரீயம் மிகுந்த கண்ணாடிக்கு 1.58 அளவுக்குப் போகும். நேர்க்குத்தாக விழும் ஒளியில் சோடாக் கண்ணாடியின் ஒரு பரப்பு 100க்கு 4.3 பங்கைத் திருப்பி அனுப்பும். காரீயக் கண்ணாடி 5 பங்கை அனுப்பும். நிறங்களைப் பிரிக்கும் ஆற்றலும் அதற்கு அதிகம். பட்டை தீட்டிய கிண்ணம் மெழுகுவத்தி ஒளியில் வானவில் சிதறுவது இதனால்தான்.

உடைந்த சில்லு கிடைத்தால் ஒரு வேடிக்கை செய்யலாம். கிராம்பு எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.53. அதில் சோடாக் கண்ணாடிச் சில்லைப் போட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைவது போலாகிவிடும். காரீயக் கண்ணாடிச் சில்லின் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இதே ஒளிவிலகலைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளின் காசையும் பறித்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டன் தெருக்களில் ஐஸ்கிரீம் விற்றவர்கள், 'பென்னி லிக்' என்ற குட்டிக் கிண்ணத்தில் வைத்து ஒரு பென்னிக்குத் தருவார்கள். கால் வைத்த தடித்த கண்ணாடி; உள்ளே சிறு குழி. பார்ப்பதற்கு மட்டும் நிறைய இருப்பது போலத் தோன்றும். உருளை வடிவமான தடித்த கண்ணாடிச் சுவர் வில்லையைப் போல வேலை செய்கிறது. நீர்த்தன்மையுள்ள பொருள் உள்ளே இருந்தால், அதன் அகலம் உண்மையைவிட ஏறத்தாழ 1.33 மடங்காகத் தெரியும். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழி 4 சென்டிமீட்டராகத் தோன்றும். பரப்பு விட்டத்தின் இருமடியைப் பொறுத்ததால், அளவு 1.8 மடங்கு போல மனம் கணக்கிடும். நக்கித் தீர்ந்த கிண்ணத்தைத் திருப்பி வாங்கித் துடைத்து அடுத்தவருக்குத் தருவது வழக்கம். காசநோய் பரவும் என்ற அச்சத்தால் 1899இல் லண்டனில் இதைத் தடை செய்தார்கள். இன்று அந்த ஏமாற்றுக் கிண்ணத்தைச் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள்!

லண்டனுக்குப் போகாமலே இதைப் பார்க்கலாம். கலர் ஊற்றிய கோலி சோடாப் புட்டியைக் கண்மட்டத்தில் பிடியுங்கள். திரவம் வெளிச்சுவர் வரை நிரம்பியிருப்பது போலத் தெரியும். மேலிருந்து வாய் வழியே பார்த்தால்தான் கண்ணாடியின் தடிமன் புலப்படும். அந்தப் புட்டியும் ஓர் ஆங்கிலேயரின் படைப்புத்தான்: ஹைரம் காட் என்பவர் 1872இல் காப்புரிமை பெற்றது.

அடியைத் திருப்பிப் பாருங்கள்

பொருள் எதனால் ஆனது என்பது தெரிந்த பிறகு, எப்படிச் செய்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஊதிச் செய்த கிண்ணத்தின் அடியில் இரும்புக் கம்பியை ஒட்டித் தாங்கி, முடிந்ததும் தட்டி எடுப்பார்கள். அந்த இடத்தில் கரடுமுரடான தழும்பு இருக்கும். பிற்காலத்தில் அதைத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அச்சில் அழுத்திச் செய்ததானால், அச்சின் பகுதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். அழுத்து முறை 1820களில் அமெரிக்காவில் வளர்ந்து, பிறகே இங்கிலாந்தில் பரவியது. ஆகவே கோடு உள்ள கிண்ணம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை.

அழுத்திச் செய்த ஆங்கிலக் கிண்ணங்களில் சிலவற்றில் காலமே பொறித்திருக்கும். 1842 முதல் 1883 வரை பதிவு செய்த வடிவங்களுக்கு ஒரு சாய்சதுர முத்திரை உண்டு. அதன் உச்சியிலுள்ள வட்டத்தில் ரோமன் எண் மூன்று இருந்தால் கண்ணாடி வகை என்று பொருள். 1884 முதல் முத்திரைக்குப் பதில் வரிசை எண் வந்தது. கேட்ஸ்ஹெட் ஊரின் சவர்பி நிறுவனம் மயில் தலையைத் தன் சின்னமாகப் பதித்தது. ஆனால் முத்திரை காட்டுவது வடிவம் பதிவான நாளைத்தான்; அந்தக் கிண்ணம் வார்க்கப்பட்ட நாளை அன்று.

பூதக்கண்ணாடியால் அடி விளிம்பையும் பாருங்கள். பல ஆண்டுகள் மேசையில் நகர்ந்து தேய்ந்த கீறல்கள் நீளமும் ஆழமும் வேறுபட்டு, எல்லாத் திசையிலும் ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் 'பழமை' ஏற்றியதானால் கீறல்கள் இணையாக, ஒரே சீராக இருக்கும். "கண்ணாடி மெல்ல வழியும் திரவம், அடி தடித்திருப்பதே பழமைக்குச் சாட்சி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறை வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியும் அளவு வழிய, அண்டத்தின் வயதே போதாது என்பது கணக்கிடப்பட்ட உண்மை. செய்தவர் அடியைத் தடிப்பாக விட்டார், அதனால் தடித்திருக்கிறது.

மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுள்ள கிண்ணம் கிடைத்தால், ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கின் அடியில் இருட்டில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் இருக்கலாம். 1789இல் கிளாப்ராத் கண்டறிந்த யுரேனியத்தை, அணுவைப் பிளப்பது பற்றி எவரும் அறியாத 1830களிலேயே கண்ணாடிக்கு நிறமூட்டப் பயன்படுத்தினார்கள். அலமாரியில் வைப்பதால் தீங்கில்லை; அதில் உண்பதும், அதைத் தேய்த்துத் தூளாக்குவதும் கூடாது.

காரீயக் கண்ணாடிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எலுமிச்சைச் சாறு, புளி, ஊறுகாய் போன்ற அமிலப் பொருள்கள் அதில் தங்கினால் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுக்கும். காரீயம் உடலில் சேர்ந்தால், குறிப்பாகச் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. சிலபப்பில் எலுமிச்சை இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது, அந்நாளில் அவர்களுக்கு இது தெரியாது. சோதனைக்குப் பிறகு கிண்ணத்தை மெல்லிய துணியால் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். சுடுநீர் வேண்டாம், தடித்த கண்ணாடி ஒருபுறம் விரிந்து மறுபுறம் விரியாமல் பிளந்துவிடும்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கடையில் "1760ஆம் ஆண்டைச் சேர்ந்த ஆங்கிலக் காரீயக் கண்ணாடி" என்று ஒரு ஜெல்லிக் கிண்ணத்தைக் காட்டுகிறார்கள். காற்றில் அதன் எடை 212 கிராம். நீரில் தொங்கவிட்டபோது பாத்திரத்தின் அடியிலுள்ள தராசு 85 கிராம் காட்டுகிறது. பக்கவாட்டில் மெல்லிய அச்சுக்கோடு. அடியில் ரோமன் எண் மூன்றுடன் ஒரு சாய்சதுர முத்திரை. விற்பவர் சொன்னதில் எது நிற்கும், எது நிற்காது?